இரைப்பைப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் இருக்கும் மரபணு விவரங்கள்: கேள்வி பதில்

எண்டோஸ்கோபியில் எடுக்கும் சதைத் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். மருந்து பற்றிய முடிவை உங்கள் டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும்.

அப்பாவுக்கு இரைப்பைக் கட்டி கல்லீரலுக்குப் பரவிவிட்டது. "ஹெர்2: 2+" என்று எழுதியிருக்கிறார்கள். பாசிட்டிவா, நெகட்டிவா?

இன்னும் முடிவாகவில்லை. ஹெர்2 என்பது செல்களை வளரத் தூண்டும் ஒரு புரதம்; அது எவ்வளவு இருக்கிறது என்று சாயமேற்றிப் பார்த்து 0 முதல் 3+ வரை மதிப்பிடுகிறோம். 0, 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ வந்தால் 'ஃபிஷ்' என்ற அடுத்த சோதனை செய்ய வேண்டும். அதில் ஹெர்2 மரபணு ஒரு நிறப் புள்ளியாகவும், 17ஆம் குரோமோசோமின் மையம் வேறு நிறப் புள்ளியாகவும் ஒளிரும். இரண்டையும் எண்ணி, விகிதம் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ். முதலில் எடுத்த பயாப்ஸி துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கிலேயே பெரும்பாலும் இதைச் செய்துவிடலாம்.

இதைக் கேட்டு வாங்குங்கள் அம்மா. 2010இல் வெளிவந்த 'டோகா' ஆய்வில், ஹெர்2 பாசிட்டிவ் நோயாளிகளுக்குக் கீமோவோடு ஹெர்2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைச் சேர்த்தபோது, வாழ்நாளின் இடைநிலை அளவு 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமானது. ஹெர்2 மிகுதியாக இருந்தவர்களில் (3+, அல்லது 2+ஓடு ஃபிஷ் பாசிட்டிவ்) அது 11.8இலிருந்து 16 மாதம். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும் இருந்தார்கள் என்று பொருள்.

ஒரு லேபில் ஹெர்2 நெகட்டிவ், இன்னொன்றில் பாசிட்டிவ். யாரை நம்புவது?

இரண்டு லேபுமே சரியாகச் சொல்லியிருக்கலாம். இரைப்பைக் கட்டியில் ஹெர்2 திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். ஓரிடத்தில் செல்களின் விளிம்பு அடர் பழுப்பாகச் சாயமேறியிருக்கும், பக்கத்திலேயே வெறுமையாக இருக்கும். ஒன்றிரண்டு துணுக்கு மட்டும் எடுத்தால் திட்டு தவறிவிடும். கட்டியின் பல இடங்களிலிருந்து ஆறு முதல் எட்டுத் துணுக்குகள் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மார்பகப் புற்றுநோயில் சாயம் செல்லைச் சுற்றி முழு வளையமாகத் தெரிந்தால்தான் பாசிட்டிவ் என்போம். இரைப்பையில் பக்கச் சுவரிலும் அடியிலும் மட்டும், மேல்புறம் திறந்த 'ப' போலத் தெரிந்தாலும் போதும். மார்பகக் கணக்கை இங்கே போட்டால் தவறாக நெகட்டிவ் வந்துவிடும். இரண்டு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் வாங்கி, இரைப்பைப் புற்றுநோய் அதிகம் பார்க்கும் ஒரு பேத்தாலஜிஸ்ட்டிடம் கொடுங்கள்.

அம்மாவுக்கு 'எம்.எஸ்.ஐ. ஹை' என்று வந்திருக்கிறது. 'ஹை' என்றால் நோய் முற்றிவிட்டதா?

இல்லை. நோயின் கட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டி.என்.ஏ. நகலெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்தும் வேலை அந்தக் கட்டிக்குள் நின்றுபோயிருக்கிறது என்பதுதான் பொருள். பிழைகள் குவிவதால் நம் எதிர்ப்புச் சக்தி அந்தச் செல்களை அந்நியமாக அடையாளம் காண்கிறது. அதனால் இம்யூனோதெரபி (நம் எதிர்ப்புச் சக்தியையே நோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) இந்த வகையில் நன்றாக வேலை செய்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் நிலைமையும் பொதுவாக மற்றவர்களைவிட மேல்.

கீமோ விஷயம் மட்டும் யோசிக்க வேண்டியது. பிரிட்டனின் 'மேஜிக்' ஆய்வின் திசுக்களை மறுபடி சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்ட எம்.எஸ்.ஐ. ஹை நோயாளிகள் நன்றாக இருந்தார்கள். முன்னும் பின்னும் கீமோ பெற்றவர்களுக்கு அந்த நன்மை தெரியவில்லை. சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் அறுவை சிகிச்சைக்கு முன்பே இந்தச் சோதனை வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். குடும்பத்தில் குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய் இருந்தால் லிஞ்ச் சிண்ட்ரோம் (இந்தத் திருத்தும் வேலையின் குறை பரம்பரையாக வருவது) பற்றியும் கேளுங்கள்.

தம்பிக்கு 34 வயதில் பரவல் வகை இரைப்பைப் புற்றுநோய். அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. எனக்கும் பிள்ளைகளுக்கும் வருமா?

முதலில் ஒரு தெளிவு. 'பரவல் வகை' என்றால் செல்கள் கட்டியாகத் திரளாமல் தனித்தனியாக ஊடுருவும் வகை; வேறு உறுப்புக்குப் பரவிவிட்டது என்று பொருளல்ல. ஹெர்2 போன்றவை கட்டிக்குள் உண்டான மாற்றங்கள், பிள்ளைகளுக்குப் போகாது. பிறவியிலேயே வரும் வகை மொத்தத்தில் சுமார் 1 முதல் 3 சதவீதம்தான். ஆனால் நீங்கள் சொல்லும் குடும்பக் கதையில் அதைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

1990களில் நியூசிலாந்தில் ஒரு மாவோரி குடும்பம் தங்கள் வீட்டில் ஏன் இத்தனை பேர், அதுவும் இளவயதில், இந்த நோயில் இறக்கிறார்கள் என்று கேட்டு ஒட்டாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகளோடு சேர்ந்து தேடியது. 1998இல் வெளியான அந்த ஆய்வில் கிடைத்தது சி.டி.எச்.1 மரபணு. செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் புரதத்தை அது உண்டாக்குகிறது. அது கெட்டால் செல்கள் தனித்தனியாக இரைப்பைச் சுவருக்குள் ஊடுருவும், மேலே கட்டி தெரியாது. எண்டோஸ்கோபியும் ஏமாந்துவிடும். அதனால்தான் மாற்றம் உள்ளவர்களுக்கு, பெரும்பாலும் 20 முதல் 30 வயதுக்குள், இரைப்பையை முன்கூட்டியே எடுத்துவிடப் பரிந்துரைக்கிறார்கள். பெண்களுக்கு லோபுலர் வகை (பால் சுரப்பிகளில் தொடங்கும் வகை) மார்பகப் புற்றுநோய் அபாயமும் உண்டு. இரைப்பை இல்லாமலும் வாழலாம்; சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டும், பி12 ஆயுளுக்கும் தேவை.

சோதனையை உங்களிடமிருந்து தொடங்காதீர்கள். முதலில் தம்பியின் ரத்தத்தில் பாருங்கள். அங்கே மாற்றம் இருந்தால் உங்களுக்கு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அப்புறம் நீங்கள் சோதித்தால் போதும். உங்களுக்கு இல்லையென்றால் உங்கள் வழியாகப் பிள்ளைகளுக்கும் போகாது. அத்தையின் பழைய ரிப்போர்ட்டில் 'லோபுலர்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, அதையும் மரபணு கவுன்சலிங்குக்கு எடுத்துப் போங்கள்.

மரபணு சோதனை எல்லாம் செய்தாயிற்று. எத்தனை காலம் இருப்பார் என்று ஏன் சொல்ல மறுக்கிறார்கள்?

ஏனென்றால் இந்தச் சோதனைகள் அதற்காக உண்டானவை அல்ல தம்பி. எந்த மருந்து கேட்கும் என்பதற்குத்தான் இவை. கட்டி எவ்வளவு ஆழம், எத்தனை நிணநீர்க் கணுக்கள், வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா என்பவையே இன்றும் ஆயுளைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. பரவிய நோய் என்றால் ஹெர்2, எம்.எஸ்.ஐ., பி.டி.எல்.1 (இம்யூனோதெரபி பயன்படுமா என்று காட்டும் புரதம்), கிளாடின் 18.2 (கட்டிச் செல்களின் மேல் இருக்கும் இன்னொரு புரதம்) ஆகிய நான்கும் பார்த்தாயிற்றா என்று முதல் கீமோவுக்கு முன்பே கேளுங்கள். கிளாடினுக்கான ஸோல்பெடுக்ஸிமாப் மருந்துக்கு ஜப்பானும் அமெரிக்காவும் 2024இல்தான் அனுமதி தந்தன. அதனால் பழைய ரிப்போர்ட்டுகளில் அந்த வரி இருக்காது. மீதமுள்ள பிளாக்கிலேயே அதைப் பார்க்கச் சொல்லலாம்.