ஒரே எடை இரண்டு தடவை ஏறுகிறது: கரையில் ஓடும் செயலிக்கு முன்யோசனை

கேள்வி: மண்டபத்தில் இறால், நண்டு, கணவாய் வாங்கும் வியாபாரி ஒருவருக்குக் கணக்குச் செயலி எழுதிக் கொடுத்தேன். படகு, ரகம், எடை, விலை, முன்பணக் கழிவு எல்லாம் அதில் உண்டு. வீட்டில் நன்றாக ஓடியது. கரையில் ஒரே எடை இரண்டு தடவை பதிவாகிறது. இதற்குத் தீர்வு என்ன? இப்படி இன்னும் என்னென்ன வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: போன் அனுப்பிய பதிவை சர்வர் வாங்கி வைத்துவிட்டது. ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில்தான் வழியில் தொலைந்தது. போன் மறுபடி அனுப்புகிறது. சர்வருக்கு அது புதுப் பதிவு. பொத்தானை ஒருமுறைக்கு மேல் அமுக்க முடியாமல் செய்தாலும் இது தீராது. பதிவு உருவாகும்போதே போன் அதற்கு ஒரு தனி அடையாள எண்ணை (யூயூஐடி) உண்டாக்கி, முதலில் தன்னிடமே சேமிக்கட்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண் போகட்டும். சர்வரில் அந்த எண் இருக்கும் பத்திக்கு ‘யுனிக்’ கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டாம் முறை ஏறாது) போடுங்கள். அதே எண் திரும்ப வந்தால் பிழை என்று சொல்லாமல், ‘கிடைத்துவிட்டது’ என்றே பதில் தர வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிழை என்று சொன்னால் போன் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இனி இரண்டாவது கேள்வி. எடை போடுவதிலிருந்து கணக்கு முடிப்பது வரை ஒவ்வொரு படியையும் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றிடமும் கேளுங்கள்: இது நடக்காமல் போனால்? இரண்டு தடவை நடந்தால்? பாதியில் நின்றால்? பிந்தி வந்தால்? கடைசியாக, தப்பு நடந்தது யாருக்கு, எப்போது தெரியும்?

பொறியாளர்கள் இதை எஃப்எம்இஏ (எப்படியெல்லாம் பழுதாகும், விளைவு என்ன என்ற ஆய்வு) என்பார்கள். அமெரிக்க ராணுவம் 1949-லேயே இதற்கு நடைமுறை வகுத்தது. பாதிப்பு, நிகழும் வாய்ப்பு, கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குவது வழக்கம். கணக்குச் செயலிக்கு மூன்றாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. செயலி நின்றுபோனால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். 25.5 கிலோ 255 ஆனால் தொகையைப் பார்த்ததும் பிடிபடும். 22.5 ஆனால்? கிலோ 400 ரூபாய் என்றால் படகுக்காரருக்கு 1,200 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். ஈர விரலும் திரையில் விழும் உப்புத்தண்ணீரும் இந்தத் தப்பை எளிதில் செய்யும். எண் பொத்தான்களைப் பெரிதாக வையுங்கள். சேமிக்கும் முன் எடையைத் திரை நிறையக் காட்டி, படகுக்காரரும் பார்த்துச் ‘சரி’ சொல்லும்படி செய்யுங்கள்.

வியாபாரி படகுக்காரருக்குக் கொடுத்து, சரக்குத் தொகையில் கழித்துக்கொள்ளும் முன்பணத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாக்கி 20,000. ஒரு போன் 3,000 கழித்து 17,000 என்று எழுதுகிறது. பழைய பாக்கியையே பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு போன் 2,000 கழித்து 18,000 என்று மேலெழுதுகிறது. இருக்க வேண்டியதோ 15,000. ஆகவே பாக்கியை ஓர் எண்ணாகச் சேமிக்காதீர்கள். கொடுத்ததையும் கழித்ததையும் தனித்தனி வரிகளாக வைத்து, கேட்கும்போது கூட்டுங்கள். திருத்தமும் புது வரிதான், பேரேட்டில் அடித்துவிட்டுக் கீழே எழுதுவதைப் போல. பணத்தைப் பைசாவாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வைத்தால் தசமக் குழப்பம் வராது.

தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது உண்டு. சிக்னல் கோடுகள் தெரியும், டேட்டா போகாது. அதனால் கோடுகளை நம்பி ‘அனுப்பியாச்சு’ என்று காட்டாதீர்கள். சர்வர் பதில் வந்தால் மட்டும் காட்டுங்கள். முந்தைய நாள் போன படகு நள்ளிரவை ஒட்டி வந்தால் ஒரே படகின் சரக்கு இரண்டு தேதிகளில் பிரியும். ‘ஏல நாள்’ என்று தனிப் புலம் வைத்து, அதை ஆளே தேர்ந்தெடுக்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. கணக்குப் போன் சும்மா கிடக்கும், உள்நுழைவு காலாவதியாகும். தடை முடிந்து முதல் படகு வரும் விடிகாலையில் செயலி கடவுச்சொல் கேட்டு நின்றால் என்ன செய்வார்கள்? காலாவதியானால் அனுப்புவது மட்டும் நிற்கட்டும். பதிவது நிற்கக் கூடாது. புதுப் பதிப்பு ஏறும்போது, அனுப்பாமல் கிடக்கும் பழைய பதிவுகள் அழியாமல் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ‘சேமி’ அமுக்கியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். அனுப்பும்போதே செயலியை வலிந்து மூடுங்கள். போன் தேதியை ஒரு நாள் பின்னால் தள்ளுங்கள். சர்வர் பதிவை வாங்கிக்கொண்டு பதில் மட்டும் தராதபடி செய்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் போனில் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் மொத்தக் கிராமும் சர்வரில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். இந்த இரண்டு எண்களையும் தினமும் கணக்கு முடிக்கும் திரையிலேயே காட்டிவிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அன்றைய பட்டுவாடாவுக்கு முன்பே வியாபாரிக்குத் தெரிந்துவிடும்.