பெற்றோருக்கு ஒரு தலைநகரம்: டெபாசிட்டை உடைக்க வேண்டுமா?

கேள்வி: ஜெர்மனியின் டிரியர் நகரில் முதுநிலைப் படிப்பு படிக்கிறேன். மாணவர் விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு முடக்கிவைத்த பிளாக்டு அக்கவுன்டிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது. பகுதி நேர வேலையில் மிச்சம் பிடித்து 300 யூரோ சேர்த்திருக்கிறேன். கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவும் அம்மாவும் மே மாதம் இரண்டு வாரம் என்னோடு தங்க வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் லக்சம்பர்க்கை அவர்களுக்குக் காட்ட ஆசை. அப்பாவோ, மகள் காசில் ஊர் சுற்ற மாட்டேன் என்கிறார். 2 லட்சம் ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து, ஒரு டிராவல்ஸ் நிறுவனம் சொல்லும் லக்சம்பர்க்–பிரஸ்ஸல்ஸ் பேக்கேஜில் சேரப்போகிறாராம். விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அம்மாவுக்கு மூட்டு வலி, இருவரும் சைவம். என் 300 யூரோவில் இது முடியுமா, அல்லது அப்பா சொல்வதுதான் சரியா?

பதில்: டெபாசிட்டை உடைக்க வேண்டாம். உங்கள் 300 யூரோவிலும் பெரும்பகுதிக்கு வேலை இருக்காது.

முதலில் அப்பாவின் டெபாசிட். முன்கூட்டியே முறித்தால் வட்டியில் வங்கி பிடித்துக்கொள்ளும் தொகையைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கான விண்ணப்பத்தில், பயணச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கும் ஊருக்குத் திரும்பிவரக் காரணம் இருக்கிறது என்பதற்கும் அந்த டெபாசிட் ரசீது ஒரு நல்ல சான்று. நீங்களே பிளாக்டு அக்கவுன்டில் வாழும் மாணவி. பெற்றோரின் செலவுக்கு நீங்கள் பொறுப்பேற்பதாகக் காட்டுவது கடினம். கையிலிருக்கும் அந்தச் சான்றை விண்ணப்பத்துக்கு முன்பே கரைத்துவிட்டு பேக்கேஜ் ரசீதை நீட்டுவது நல்ல யோசனை அல்ல. தவிர, வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கும்போது டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) என்று ஒரு தொகையைப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்றாலும், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத ஓய்வு பெற்றவருக்கு அது மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் பணம்.

விமான டிக்கெட், தலா 90 யூரோ விசாக் கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு ஆகிய மூன்றையும் தவிர்க்க முடியாது. இவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள், குறிப்பாகக் காப்பீட்டில். அம்மாவின் மூட்டு வலியைக் காப்பீட்டு விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

இனி லக்சம்பர்க். ஐரோப்பாவிலேயே தலைக்கு வருமானம் மிக அதிகமான நாடுகளில் ஒன்று. அதனால் 'அங்கே எல்லாமே விலை' என்ற பேச்சு. அது பாதிதான் உண்மை. அங்கே விலை அதிகமானவை தங்குமிடமும் உணவகச் சாப்பாடும். போக்குவரத்துக்குக் காசே இல்லை. பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவைக்கும் இல்லை. நீங்கள் ஐம்பது நிமிட ரயில் தூரத்தில் குடியிருக்கிறீர்கள், உங்களிடம் ஒரு சமையலறையும் இருக்கிறது. செலவு வைக்கும் அந்த இரண்டும் உங்கள் வீட்டிலேயே முடிந்துவிடுகின்றன. பேக்கேஜ்காரர் பணம் வாங்குவது முக்கியமாக அந்த இரண்டுக்காகத்தான்.

2020 பிப்ரவரி 29 முதல் அந்த நாடு முழுவதும் பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாம் இலவசம். உள்ளூர்வாசி, வெளிநாட்டவர் என்ற பேதம் கிடையாது. டிக்கெட்டே இல்லாததால் வாங்க மறந்து அபராதம் கட்டும் பேச்சும் இல்லை. முதல் வகுப்புப் பெட்டிக்கு மட்டும் கட்டணம் உண்டு. அப்பா சொகுசான இருக்கையைப் பார்த்து உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இலவசத்தின் கணக்கு எனக்குச் சுவையானது. முன்பு டிக்கெட் விற்று ஆண்டுக்குச் சுமார் 4.1 கோடி யூரோ வந்தது. பொதுப் போக்குவரத்தை நடத்த ஆன செலவோ 50 கோடி அளவில். அதாவது பத்தில் ஒரு பங்குகூட வராத வசூலை விட்டுக்கொடுத்தார்கள். மீதி ஏற்கெனவே வரிப் பணத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லைக்கு இப்பால் இது செல்லாது. டிரியரிலிருந்து எல்லை வரையிலான சிறு தூரத்துக்கு மட்டும் டிக்கெட் வேண்டும். உங்களிடம் டாய்ச்லாந்து டிக்கெட்டோ (ஜெர்மனி முழுவதும் உள்ளூர் பஸ், ரயிலுக்குச் செல்லும் மாதச் சீட்டு) அதன் மாணவர் வடிவமோ இருந்தால் உங்களுக்கு அதுவும் முடிந்தது. பெற்றோருக்குத் தனித்தனி டிக்கெட் மலிவா, ஐந்து பேர் வரை சேர்ந்து போகக்கூடிய, டிரியர் இருக்கும் ரைன்லாந்து–ஃபால்ஸ் மாநிலத்தின் ஒருநாள் டிக்கெட் மலிவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றைக்கே டிரியரில் வேறு பயணமும் இருந்தால் ஒருநாள் டிக்கெட் லாபமாகலாம். ஆனால் வார நாளில் அது காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். இரண்டு வாரத்துக்காக அவர்கள் பெயரில் டாய்ச்லாந்து டிக்கெட் வாங்க வேண்டாம். அது மாதச் சந்தா. உரிய தேதிக்குள் ரத்து செய்ய மறந்தால் அடுத்த மாதமும் பணம் போகும். மூவரும் அசல் பாஸ்போர்ட்டையும், நீங்கள் வசிப்பு அனுமதி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லைகளில் சோதனை நடத்துகிறது. திரும்பும் ரயிலில் போலீஸ் ஏறினால் கைபேசியில் இருக்கும் படம் உதவாது.

அம்மாவின் மூட்டு வலிக்கு இந்த ஊர் பொருத்தமா என்ற சந்தேகம் நியாயமானது. ஊரே பாறை மேல் பாதி, பள்ளத்தாக்கில் பாதியாகக் கிடக்கிறது. ஆனால் ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் நகராட்சியே லிஃப்ட் வைத்திருக்கிறது, அதுவும் இலவசமாக. நான் சொல்லும் வழி இது. லக்சம்பர்க் மத்திய ரயில் நிலைய வாசலில் டிராம் ஏறி ஹமிலியுஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள்; பழைய நகரம் அங்கே தொடங்குகிறது. பிளாஸ் தார்ம் சதுக்கம், அந்நாட்டு மன்னரான கிராண்ட் டியூக்கின் அரண்மனை வாசல், நோத்ர தாம் பேராலயம் எல்லாம் மெதுவாக நடக்கும் தூரம். பிறகு கோர்னிஷ் பாதை. மதில் ஓரமாகச் செல்லும் அந்தப் பாதையிலிருந்து கீழே அல்சேத் ஆறும் கிருண்ட் குடியிருப்பும் தெரியும். 1994இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்தப் பழைய நகரையும் கோட்டையையும்தான். கோர்னிஷில் உட்கார்ந்து பார்க்க ஒரு சென்ட் வேண்டாம். ஊரின் மிகச் சிறந்த காட்சி இதுதான் என்பேன்.

பொக் பாறைக்குள் குடைந்த பழைய கோட்டைச் சுரங்கங்களுக்குக் கட்டணம் உண்டு. உள்ளே படிகள் செங்குத்தானவை, அம்மாவுக்கு ஆகாது. அப்பாவுக்கு ஆசை இருந்தால் ஒரு டிக்கெட் எடுங்கள், இதைச் செலவு என்று நினைக்க வேண்டாம். 963இல் சீக்ஃபிரீட் என்ற பிரபு பெற்ற கோட்டையிலிருந்துதான் இந்த ஊர் வளர்ந்தது. 1867 லண்டன் ஒப்பந்தப்படி மதில்களை இடித்தபோதும் பாறைக்குள் இருந்தவற்றை முழுவதும் அழிக்க முடியவில்லை.

ஃபாஃபன்டால் கண்ணாடி லிஃப்டை விட்டுவிடாதீர்கள். 71 மீட்டர் உயரத்தில் நகரையும் பள்ளத்தாக்கையும் இணைக்கிறது. கீழே இறங்கினால் ஃபாஃபன்டால்–கிர்ச்பெர்க் ரயில் நிறுத்தம். அங்கிருந்து சாய்தளக் கேபிள் ரயில் உங்களைக் கிர்ச்பெர்க் மேட்டுக்கு ஏற்றிவிடும். அதுவும் இலவசம். மேலே ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடங்களும், 2019இல் திறந்த தேசிய நூலகமும் இருக்கின்றன. மழை பிடித்துக்கொண்டால் நூலகம் நல்ல ஒதுங்கிடம், கழிப்பறையும் சுத்தம். பணம் குறைவாக வைத்துக்கொண்டு ஊர் பார்ப்பவர்கள் திட்டமிட மறப்பது இதைத்தான். வயதானவர்களோடு போகும்போது ஒரு கழிப்பறைக்காக மூன்று காபி வாங்க நேரும்.

மீன் சந்தைச் சதுக்கத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சி இலவசம், திங்கட்கிழமை மூடியிருக்கும். 'கசினோ லக்சம்பர்க்' என்ற பலகையைப் பார்த்து அப்பா முகம் சுளித்தால், உள்ளே சூதாட்டம் இல்லை, தற்காலக் கலைக் கூடம் என்று சொல்லி அழைத்துப் போங்கள். நுழைவு இலவசம், செவ்வாய் விடுமுறை. இசை மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் 1886 ஜூலை 19இல் தன் கடைசிக் கச்சேரியை வாசித்தது இந்தக் கட்டடத்தில்தான். அடுத்த இரண்டு வாரத்துக்குள் இறந்துவிட்டார்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். பெத்ரூஸ் பள்ளத்தாக்குப் பூங்காவில் புல்வெளி இருக்கிறது. உணவகத்தில் உட்கார்ந்தால் ஒருவருக்கு 20 யூரோ எளிதில் தாண்டிவிடும், சைவத்துக்கு அதற்கேற்ற தேர்வும் இருக்காது. பழமோ பாலோ வேண்டுமென்றால் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள். அங்கே உணவுப் பொருள்களுக்கு மதிப்புக்கூட்டு வரி 3 சதவீதம்தான். அப்பா தன் இந்திய கார்டை நீட்டினால் ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள். 'ரூபாயிலா, யூரோவிலா' என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே அழுத்த வேண்டும். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் வங்கி வைக்கும், அது நமக்குச் சாதகமாக இருப்பதில்லை.

இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் ஷெங்கன் கிராமத்துக்குப் போய் வாருங்கள். லக்சம்பர்க், ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சந்திக்கும் மோசல் ஆற்றங்கரை. அங்கேதான் 1985 ஜூன் 14இல், ஆற்றில் நின்ற கப்பலில், எல்லைச் சோதனையை நீக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் இருக்கும் ஊர்ப் பெயரை நேரில் காட்டினால் அப்பாவுக்கு எந்த பேக்கேஜும் தராத திருப்தி கிடைக்கும். லக்சம்பர்க்குக்குள் பஸ்ஸும் இலவசம்.

திரும்பும் வழியில் எல்லை ஊரான வாசர்பில்லிக்கில் இறங்குங்கள். ஜெர்மனி வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ தனி வரி போடுகிறது; லக்சம்பர்க்கில் அந்த வரி இல்லை. டிரியர்க்காரர்கள் காபி வாங்க எல்லை தாண்டுவது இதனால்தான். சொந்த உபயோகத்துக்குப் பத்து கிலோ வரை கேள்வி வராது. கும்பகோணத்துக்காரர்கள் வீட்டில் இரண்டு வாரம் இருக்கப்போகிறார்கள் என்றால் ஒரு கிலோவாவது செலவாகும்.

இரண்டு நாளுக்கும் சேர்த்து, எல்லை வரையிலான டிக்கெட், ஒரு சுரங்க நுழைவு, காபி, பழம் எல்லாம் போட்டாலும் 60 யூரோவுக்குள் முடிக்கலாம். ஒரு யூரோ நூறு ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்தால் ஆறாயிரத்துச் சொச்சம். இதை அப்பாவே தரட்டும், அவருடைய மனமும் நிறையும். உங்கள் 300 யூரோவைத் தொடாதீர்கள். அடுத்த செமஸ்டர் கட்டணம் வரும், வசிப்பு அனுமதியை நீட்டிக்கும்போது அடுத்த ஆண்டுச் செலவுக்கான பணத்தை மறுபடியும் காட்டச் சொல்வார்கள். அப்போது கணக்கில் இருக்கும் ஒவ்வொரு யூரோவும் பேசும்.

விசா விண்ணப்பத்தில் முதன்மை நாடாக ஜெர்மனியை எழுதுங்கள், லக்சம்பர்க்கைப் பகல் பயணமாகக் குறிப்பிட்டால் போதும். ஹோட்டல் முன்பதிவு தேவையில்லை. உங்கள் வீட்டில் தங்குகிறார்கள் என்ற அழைப்புக் கடிதத்தோடு வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் இணையுங்கள். அதற்கு முன் விருந்தினரைத் தங்கவைக்க வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை வாங்கிவிடுங்கள்.