வினைல் சைடிங்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நியூ ஜெர்சியில் பதினாறு வருடமாக சைடிங் வேலை, அதாவது வீட்டு வெளிச்சுவரை வினைல் என்ற பிளாஸ்டிக் பலகைகளால் மூடும் வேலை, பார்க்கிறேன். நம் மக்கள் கேட்டவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எடிசனிலிருந்து ஓர் அக்கா: புல் வெட்டும்போது கல் தெறித்து சைடிங்கில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. சிலிகான் வைத்து அடைத்துவிடலாமா?

ஆணி ஓட்டை என்றால் அடைக்கலாம் அக்கா. காசு அளவு ஓட்டைக்கு அந்தப் பலகையையே மாற்றுங்கள். பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை. ஹோம் டிப்போ கடையில் 'ஜிப் டூல்' என்று ஒரு கொக்கி கிடைக்கும். உடைந்த பலகைக்கு மேலே இருப்பதன் அடி விளிம்பில் அதை நுழைத்து, கீழ்நோக்கி இழுத்தபடியே பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டு பலகைகளையும் கோத்திருக்கும் பூட்டு கழன்றுவிடும். மேல் பலகையைத் தூக்கிப் பிடித்தால் உடைந்ததின் ஆணிகள் தெரியும். பிடுங்கி இறக்குங்கள். புதியதைக் கீழ்ப் பூட்டில் மாட்டி, ஆணி அடித்து, மேல் பலகையை அதே கொக்கியால் பூட்டிவிடுங்கள்.

ஆணி அடிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பலகையின் மேல் விளிம்பில் ஆணிக்கென்று இருக்கும் நீள்துளையின் நட்டநடுவில் அடியுங்கள். ஆணித் தலைக்கும் வினைலுக்கும் 1/32 அங்குலம் இடைவெளி இருக்கட்டும். கையால் தள்ளினால் பலகை இடம் வலமாக நகர வேண்டும். 12 அடிப் பலகை வெயிலுக்கும் குளிருக்கும் இடையே அரை அங்குலம் வரை நீளும், சுருங்கும். இறுக்கி அடித்த சுவர் ஜூலை மாதம் அலை அலையாகப் புடைத்து நிற்கும். சைடிங்கை ஆணியில் தொங்கத்தான் விட வேண்டும்.

பலகை கழன்றிருக்கும்போதே உள்ளே பாருங்கள். மரச் சுவரின் மேல் சுற்றியிருக்கும் நீர் தடுக்கும் உறை ('ஹவுஸ் ரேப்') கிழிந்திருந்தால் அதற்கான டேப் ஒட்டுங்கள். வினைல் தண்ணீரை முழுக்கத் தடுக்காது. மரத்தைக் காப்பது அந்த உறைதான். மரம் விரலுக்கு மெத்தென்று அமுங்கினால் மூடாதீர்கள், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஸ்கார்பரோவிலிருந்து: அண்ணை, பனி அள்ளேக்க சவல் பட்டு வெடிச்சுப் போச்சு. வெளியில மைனஸ் 12. இப்பவே மாத்தலாமோ?

வேண்டாம் தம்பி. அந்தக் குளிரில் வினைல் கண்ணாடி மாதிரி. கழற்றும்போது நல்ல பலகையும் வெடிக்கும். இப்போதைக்கு டேப் ஒட்டி, ஏப்ரல் வரை பொறுங்கள்.

கேரி நகரிலிருந்து: பக்கச் சுவர் உருகி நெளிந்திருக்கிறது. சூடு பட அங்கே இறைச்சி சுடும் கிரில் அடுப்பு வைத்ததே இல்லை. மட்டமான சைடிங்கா?

பக்கத்து வீட்டு ஜன்னலைப் பாருங்கள். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள 'லோ-ஈ' இரட்டைக் கண்ணாடி லேசாக உள்வாங்கிக் குழிந்திருந்தால், பூதக்கண்ணாடிபோல வெயிலைக் குவித்து உங்கள் சுவரில் அடிக்கும். வினைல் 160 பாரன்ஹீட்டை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். புதுப் பலகை போட்டாலும் அடுத்த கோடையில் இதேதான் நடக்கும். எனவே சுவரைத் தொடும் முன் அந்த வெளிச்சத்தை நிறுத்த வேண்டும். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் முழுக்க வலை போட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அது அவர்கள் ஜன்னல், அதனால் சண்டையாகத் தொடங்காதீர்கள். சுவரில் ஒளிப்பட்டை விழும் நேரத்தில் கூப்பிட்டுக் காட்டுங்கள்; வலைச் செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள். புதுச் சைடிங்கைவிட அது மலிவு.

கொலம்பஸிலிருந்து: 15 வருட வீடு. புதுப் பலகை பளிச்சென்று தனியாகத் தெரியுமே?

தெரியும். கராஜின் பின்புறம் யார் கண்ணிலும் படாத பழைய பலகை ஒன்றைக் கழற்றி முன்னால் மாட்டுங்கள், புதியதைப் பின்னால் போடுங்கள். கடைக்குப் போகும்போது உடைந்த துண்டையும் எடுத்துச் செல்லுங்கள்; பூட்டின் வடிவமும் பலகையின் உயரமும் பொருந்தாவிட்டால் நிறம் பொருந்தியும் பயனில்லை.

பாஸ்டன் பக்கம் 1950களில் கட்டிய வீடு: உடைந்த வினைலுக்குள் சாம்பல் நிறத்தில் ஓடு மாதிரி ஏதோ இருக்கிறது. அதையும் பெயர்த்துவிட்டு மாட்டட்டுமா?

தொடாதீர்கள் சார். அந்தக் கால வீடுகளில் அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஓடாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. உடைத்தாலோ அறுத்தாலோ துளையிட்டாலோ தூள் நுரையீரலுக்குள் போகும். மரப்பலகை வந்தாலும் சுரண்டாதீர்கள். 1978க்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உடைந்த இடத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, உரிமம் பெற்ற பரிசோதகரை அழையுங்கள். முடிவு வரும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட விடாதீர்கள்.