ஆந்தைக்குப் பெயர் இருக்கிறது, தம்பிக்கு?

கேள்வி: இரண்டு வருடமாக ஹாரி பாட்டர் ஃபேன் ஃபிக்‌ஷன் (அந்தப் புத்தக உலகத்தை வைத்து ரசிகர்கள் தாங்களே எழுதும் கதை) எழுதி வருகிறேன். 61 அத்தியாயம் ஆகிவிட்டது. கதாநாயகி எவாலின், லண்டன் பெண். எல்ம் மரத்தில் பத்தரை அங்குல மந்திரக்கோல், ஸ்மோக்கி என்று ஒரு சாம்பல் ஆந்தை, எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன். ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியில் மூன்று வருடம் முடித்துவிட்டாள். ஆனால் படிக்கிறவர்கள் ஓட்டை ஓட்டையாகக் கண்டுபிடிக்கிறார்கள். காலத்தைத் திருப்பும் கருவி இருக்கும்போது ஏன் பின்னால் போய் எல்லோரையும் காப்பாற்றவில்லை? வில்லனுக்கு உண்மை பேசவைக்கும் மருந்தைக் கொடுத்தால் கதை முடிந்துவிடுமே? 13 வயதில் ஒரே வாரத்தில் பேட்ரோனஸ் என்ற கடினமான காவல் மந்திரத்தை எப்படிக் கற்றாள்? இப்படியே போகிறது. எவாலினின் அப்பா அம்மாவை முதல் அத்தியாயத்திலேயே எடுத்துவிட்டேன், பெரியவர்கள் இருந்தால் கதை நகராது. 6 வயதில் ஒரு தம்பி இருந்தான், நாலாம் அத்தியாயத்துக்கு அப்புறம் அவனை நானே மறந்துபோனேன், நல்லவேளை யாரும் கவனிக்கவில்லை. இந்த ஓட்டைகளை எப்படி அடைப்பது? இல்லை, எழுதுவதையே விட்டுவிடட்டுமா?
— பெயர் வேண்டாம், 21 வயது, ஈரோடு

பதில்: விட வேண்டாம். ஆறுதலாக நான் சொல்லப்போவது இந்த ஒரு வார்த்தைதான். உன்னைப்போல எழுதுகிற பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு நிறைய வந்துவிட்டன. கதாநாயகியின் பெயர் மாறும், ஆந்தையின் நிறம் மாறும், ஓட்டை மட்டும் அதே ஓட்டை.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காலத்தைத் திருப்பும் கருவி, மூன்றாம் புத்தகத்தில் ஹாரியின் தோழி ஹெர்மயனி கூடுதல் பாடங்கள் படிக்கக் கொடுக்கப்பட்டது. அது ஒரு தொல்லையாக வளரும் என்று அதை எழுதிய ரௌலிங்குக்கே தெரிந்துபோனது. 2003-ல் வந்த ஐந்தாம் புத்தகத்தில், மந்திர அமைச்சகத்துச் சண்டையில் அங்கே அடுக்கி வைத்திருந்த கருவிகளை உடைத்துப் போட்டார். உன் கதை அதற்குப் பிறகு நடக்கிறது என்றால் பிரச்சினை தீர்ந்தது. உண்மை பேசவைக்கும் மருந்துக்கு மாற்று மருந்து உண்டு என்று ஆறாம் புத்தகத்திலேயே வருகிறது. பேட்ரோனஸ் ஹாரிக்கே மாதக்கணக்கில் பிடித்தது, உன் பெண்ணுக்கும் சில மாதம் கொடு. சரி, இதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் தைத்துவிடக் கூடிய கிழிசல்.

கடிதத்தை மூடிவைத்த பிறகும் என்னை விடாத வரி வேறு. "நல்லவேளை யாரும் கவனிக்கவில்லை."

6 வயதுப் பையன். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஓர் அக்கா. அவள் செப்டம்பர் 1-ந் தேதி காலை 11 மணிக்கு கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினாள். பெட்டியை ஏற்றினாள், ஆந்தைக் கூண்டை ஏற்றினாள். பையன் எங்கே நின்றான்? அவன் கையை யார் பிடித்திருந்தார்கள்? ரயில் போன பிறகு யாரோடு எந்த வீட்டுக்குப் போனான்? அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சாப்பாடு போட்டது யார்? 57 அத்தியாயமாக அந்தக் குழந்தை பிளாட்பாரத்திலேயே நிற்கிறான் அம்மா. ஆந்தைக்குப் பெயர் வைத்தாய். மந்திரக்கோலை அங்குலக் கணக்கில் அளந்தாய். பெற்ற தாய் செத்துப்போன ஒரு பிள்ளைக்கு உன் கடிதத்தில் "ஒரு தம்பி" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

மந்திர உலகம், எப்படியாவது நடந்திருக்கும் என்று சொல்லிவிடாதே. அந்த உலகத்தின் சட்டத்தையே எடுத்துப் பார். வெறுங்காற்றிலிருந்து சாப்பாட்டை வரவழைக்க முடியாது என்று ஏழாம் புத்தகத்தில் ஹெர்மயனி சொல்கிறாள். இருப்பதைப் பெருக்கலாம், எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் கொண்டுவரலாம், அவ்வளவுதான். எத்தனை பெரிய மந்திரவாதி வீடானாலும் அடுப்படியில் ஒருவர் நின்றால்தான் பிள்ளை சாப்பிடும்.

அப்புறம் கோடை விடுமுறை. மூன்று வருடம் படித்தாள் என்கிறாய். ஹாக்வார்ட்ஸில் கோடைக்கு யாரும் தங்க முடியாது. அனாதை இல்லத்துக்குத் திரும்ப மனமில்லாமல் டாம் ரிடில் என்ற மாணவன் தலைமை ஆசிரியரிடம் கேட்டும் கிடைக்கவில்லை, இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் எவாலின் ஒவ்வொரு கோடைக்கும் எங்கே போனாள்? தம்பி இருந்த வீட்டுக்கா? போய் அவன் முகத்தைப் பார்த்தாளா? அவன் எவ்வளவு வளர்ந்திருந்தான்? உன் வாசகர்கள் கருவியைப் பற்றிக் கேட்டார்கள், மருந்தைப் பற்றிக் கேட்டார்கள். இதைக் கேட்காமல் விட்டது அவர்கள் தவறு. கேட்காததை நல்லவேளை என்று நினைத்தது உன் தவறு, இரண்டில் அதுதான் பெரியது.

பெரியவர்கள் இருந்தால் கதை நகராது என்று யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? ஹாரியின் நண்பன் ரான் வீஸ்லியின் வீட்டைப் பார். ஏழு பிள்ளைகள், அப்பா அம்மா இருவரும் உயிரோடு. அந்த அம்மாவிடம் ஒரு கடிகாரம், மணி காட்டாது, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு முள், யார் எங்கே இருக்கிறார் என்று காட்டும். ஆறாம் புத்தகத்தில் எல்லா முள்ளும் "உயிருக்கு ஆபத்து" என்ற இடத்திலேயே நிற்கிறது. துணி துவைக்கிற கூடை மேல் அதை வைத்துக்கொண்டு அந்த அம்மா வீடு முழுக்கத் தூக்கித் திரிகிறாள். எனக்கு அந்த ஏழு புத்தகத்தில் எந்தச் சண்டையையும்விட அந்தக் கூடைதான் நினைவில் இருக்கிறது. ஒரு தாயை உயிரோடு வைத்திருந்தால் என்னென்ன எழுதலாம் என்பதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

உன்னைக் கோபித்துக்கொள்ள எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. விட்டுப்போன உடன்பிறப்பு யார் என்பதுதான் நீ எடுத்துக்கொண்ட அந்தப் புத்தகங்களின் அடிநாதமே. ஹாரி காலத்துத் தலைமை ஆசிரியர் டம்பிள்டோரை நினைத்துப் பார். அவருடைய தங்கை அரியானாவை மூன்று பையன்கள் தாக்கியபோது அவளுக்கு வயது 6. உன் பையனின் வயதுதான். அதற்குப் பிறகு அவள் சரியாகவே இல்லை. அம்மா இறந்தபோது டம்பிள்டோர் படிப்பை முடித்து உலகம் சுற்றக் கிளம்ப இருந்தார். தம்பி அபர்ஃபோர்த், நான் பள்ளியை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அண்ணன் கேட்கவில்லை. நான் பார்க்கிறேன், நீ படி என்றார். பிறகு புத்திசாலி நண்பன் ஒருவன் வந்தான், உலகத்தை மாற்றும் பேச்சு வந்தது, தங்கையைப் பற்றிய நினைப்பு பின்னுக்குப் போனது. சில வாரத்தில் மூவருக்குள் நடந்த சண்டையில் குறுக்கே வந்து அவள் செத்தாள். யார் விட்ட மந்திரம் பட்டது என்று கடைசிவரை தெரியாது.

அந்தத் தங்கையைச் சாப்பிட வைக்கத் தெரிந்தவன் யார் தெரியுமா? அபர்ஃபோர்த். அம்மா ஊட்டினால் சாப்பிடாதவள் அவன் கொடுத்தால் சாப்பிடுவாள். அமைதியாக இருக்கிற நேரத்தில் இரண்டு பேரும் ஆட்டுக்குத் தீனி வைப்பார்கள். அவ்வளவு பெரிய மகானாக எல்லோரும் கும்பிட்ட அண்ணனைவிட, ஆடு வளர்த்துக்கொண்டு விடுதி நடத்திய அந்தத் தம்பிதான் என் மரியாதைக்கு உரியவன். நான் இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அறிவு, புகழ், உலகத்தைக் காப்பாற்றுவது எல்லாம் இருக்கட்டும், உன்னை நம்பி வீட்டில் ஒரு சின்ன உயிர் இருந்தால் அதற்குச் சோறு போட்டுவிட்டுத்தான் மற்றது.

ஹாரியின் பெரியம்மா பெட்டூனியாவை மறந்துவிட்டாயா? அக்காவான அவள் வீட்டில், தங்கை லில்லி ரயிலில். எனக்கும் இடம் கொடுங்கள் என்று அந்தப் பிள்ளை டம்பிள்டோருக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள், முடியாது என்று அன்பாகவே பதில் வந்திருக்கிறது. அதே பிளாட்பாரத்தில் நின்று தங்கையைப் பார்த்து விகாரம் என்று கத்துகிறாள். பின்னாளில் அந்தத் தங்கையின் மகனைப் படிக்கட்டுக்குக் கீழே அலமாரியில் படுக்க வைத்தது சும்மா வந்த கொடுமை இல்லை. அவள் செய்தது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிளாட்பாரத்தில் விடப்பட்ட பிள்ளை அங்கேயே உறைந்து நிற்காது, வளரும், கணக்கு வைத்திருக்கும். ரௌலிங்குக்கு இது தெரிந்திருந்தது.

இந்த மாதிரிக் கதாநாயகியை 1973-லேயே அமெரிக்காவில் பௌலா ஸ்மித் என்பவர் கேலி செய்து ஒரு குட்டிக்கதை எழுதினார். ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களுக்கான கதை. மேரி சூ என்று பதினைந்தரை வயதுப் பெண், எல்லாம் தெரியும், எல்லோருக்கும் பிடிக்கும், கடைசியில் செத்து எல்லோரையும் அழவைப்பாள். அன்றிலிருந்து இப்படிப்பட்ட பெண்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. ரொம்பக் கெட்டிக்காரியாக இருக்கிறாள் என்பதுதான் அவர்கள் சொல்லும் குறை. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. பெண் கெட்டிக்காரியாக இருக்கட்டும். ஆனால் அவளிடம் வந்து "எனக்குப் பசிக்குது" என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லாமல் ஆக்கி வைத்திருக்கிறீர்களே, அதுதான் அவளை அட்டைப் பொம்மை ஆக்குகிறது.

எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு 7 வயது. அடுத்த வருடம் அக்கா ஆசிரியர் பயிற்சிக்கு வெளியூர் போய் விடுதியில் தங்கினாள். போகத்தான் வேண்டியிருந்தது, அவள் சம்பாதித்தால்தான் வீடு நிமிரும். வாரம் தவறாமல் ஒரு இன்லண்ட் லெட்டர் வரும். உள்ளே முழுக்க அப்பாவுக்கு. கோந்து தடவி ஒட்டும் அந்த ஒடுக்கமான மடிப்பு மட்டும் எனக்கு. ஆறு வரிக்கு மேல் கொள்ளாது. தலையில் பேன் இருக்கிறதா, சித்தி எண்ணெய் வைக்கிறாளா, பச்சைப் பாவாடை குட்டையாகிவிட்டதா, இதுதான் இருக்கும். ஒட்டின இடத்தில் எழுத்து கிழிந்துவிடக் கூடாது என்று அப்பா பிளேடு எடுத்துப் பிரிப்பார். அக்கா பக்கத்தில் இல்லாத இரண்டு வருடமும் எனக்கு அக்கா இருந்தாள். வெளியே போகாதே என்று நான் எந்தப் பெண்ணுக்கும் சொல்ல மாட்டேன். எவாலின் ரயில் ஏறட்டும். ஆனால் அவளிடம் கடிதம் கொண்டுபோகிற ஆந்தை இருக்கிறது. 57 அத்தியாயத்தில் ஸ்மோக்கி ஒருமுறைகூட அந்தப் பையன் ஜன்னலுக்குப் போகவில்லை.

இனி என்ன செய்வது என்று சொல்கிறேன். மறந்ததை மறைக்காதே. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் செய்ததைப் பார். 1937-ல் வந்த ஹாபிட் கதையில், கதாநாயகன் பில்போவோடு நடக்கும் புதிர்ப் போட்டிக்குப் பந்தயமாக, கோலம் என்பவன் தன் மந்திர மோதிரத்தைத் தானாகவே தர முன்வருகிறான். பிற்பாடு அந்த மோதிரம் விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்றாக அவர் மனதில் வளர்ந்துவிட்டது. பழைய அத்தியாயம் பொருந்தவில்லை. 1951 பதிப்பில் அதை மாற்றி எழுதினார். அத்தோடு விடவில்லை. முதலில் வந்தது பில்போ தன் வசதிக்குச் சொன்ன பொய் என்று ஆக்கிவிட்டார். எழுத்தாளரின் தடுமாற்றம் பாத்திரத்தின் குற்றமாக மாறியது, மோதிரம் அவனைக் கெடுக்கத் தொடங்கியதற்கு அதுவே முதல் அடையாளமும் ஆனது.

நீயும் அதையே செய். நீ மறந்ததை எவாலின் மறந்ததாக ஆக்கு. புதிய ஊர், புதிய சிநேகிதர்கள், எல்லோரும் பாராட்டுகிறார்கள், வீட்டை நினைத்தால் அழுகை வருகிறது, அதனால் நினைக்காமலே இருந்துவிட்டாள். நம்பும்படி இருக்கிறது, ஏனென்றால் நிஜத்திலும் இப்படித்தான் மறக்கிறார்கள். 62-ம் அத்தியாயத்தில் அவள் அவனைத் தேடிப் போகட்டும். இப்போது அவனுக்கு 9 வயது. அவனை வில்லனாக்காதே. அவனுக்கும் ரகசிய சக்தி இருந்தது என்று தப்பிக்காதே. அழவைப்பதற்காகக் கொன்றுவிடாதே, உன் கதையில் சாவு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அவன் சாதாரணப் பையனாக, அக்காவை அடையாளம் தெரிந்தும் தெரியாத மாதிரி நிற்கட்டும். உடனே மன்னிக்க வேண்டாம். அவள் என்ன பேசுகிறாள் என்று பார்ப்போம். அதற்குமுன் நாலாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய், அந்த ராத்திரி அவனுக்குச் சாப்பாடு போட்டது யார் என்று இரண்டு பக்கம் எழுது. பக்கத்து வீட்டுக் கிழவியோ, ஒன்றுவிட்ட சித்தியோ, யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும்.

ஓட்டைகளை எப்படி அடைப்பது என்று கேட்டிருந்தாய். கருவி, மருந்து விவகாரத்துக்கெல்லாம் மேலே சொன்னதே போதும். அடுத்த அத்தியாயத்தின் தலையில் மட்டும், "எவாலினுக்கு ஒரு தம்பி இருந்தான். நான் மறந்துவிட்டேன், நீங்களும் மறந்துவிட்டீர்கள்" என்று எழுதிப் போடு. எழுத உட்காருவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு பெயர் வை.