ஸ்டிக்கரில் 450, எஞ்சினில் எவ்வளவு?

நடுத்தர ஏடிவி பற்றி இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. காடு, மேடு, சேறு என்று ஓட்டுகிற நான்கு சக்கர வண்டி; பைக் மாதிரி கால் போட்டு உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டுவது; எஞ்சின் 400லிருந்து 600 சிசி வரை. கடிதங்களை நறுக்கியிருக்கிறேன். "வணக்கம், நலம், நலமறிய ஆவல்" எல்லாம் போய்விட்டது, மன்னிக்கவும்.

கேள்வி: யமஹா கோடியாக் 450, போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 450 இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே சிசி என்பதால் விலை குறைந்ததை எடுத்துவிடலாம்தானே?

பதில்: இரண்டும் ஒரே சிசி என்று யார் சொன்னார்கள்? ஸ்டிக்கர்தானே? கோடியாக் 450 எஞ்சின் 421 சிசி. ஸ்போர்ட்ஸ்மேன் 450 எஞ்சின் 499 சிசி. பக்கத்தில் ஒரே எண்ணை ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே 78 சிசி இடைவெளி.

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. வீட்டில் கேட்டுப் பாருங்கள். சுசூகி கிங்குவாட் 400 என்பது 376 சிசி. கவாசாகி புரூட் போர்ஸ் 300 என்பது 271. கேன்-ஆம் கதை இன்னும் விசேஷம். 2023 மாடலாக வந்த புதிய அவுட்லேண்டரில் 500 என்று ஒன்று, 700 என்று ஒன்று. இரண்டுக்குள்ளும் இருப்பது 650 சிசி எஞ்சின்தான். ஒன்றில் 40 குதிரைத்திறன் வருகிற மாதிரியும் மற்றதில் 50 வருகிற மாதிரியும் வைத்திருக்கிறார்கள். 500 வாங்கியவர் சிசி கணக்கில் லாபம், 700 வாங்கியவர் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாமா? இந்தக் கூட்டத்தில் ஒழுங்குப் பிள்ளை ஹோண்டா ராஞ்சர் 420. 420 என்றால் 420தான். மற்ற வண்டிகளில் ஸ்டிக்கரில் உள்ள எண் சிசி இல்லை, பெயர். பையனுக்கு ராஜா என்று பெயர் வைத்தால் அவனுக்கு நாடு இருக்கிறது என்றா அர்த்தம்?

எடையிலும் இதே வேலை நடக்கிறது. ஹோண்டாவும் யமஹாவும் பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊற்றி ஓடத் தயாராக நிற்கும் வண்டியின் எடையைப் போடுகின்றன. போலாரிஸ் காய்ந்த எடையைப் போடும், அதாவது ஒன்றும் ஊற்றாத வண்டி. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்து "ஏறக்குறைய சமம்" என்று முடிவு கட்டாதீர்கள். டாங்கில் இருக்கும் பெட்ரோல் மட்டுமே பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். சேற்றில் சாய்ந்து கிடக்கும் வண்டியை நிமிர்த்தும்போது ஒவ்வொரு கிலோவும் உங்கள் இடுப்பில்தான் தெரியும்.

சரி, எதை எடுப்பது? உங்கள் பாதையில் செங்குத்தான இறக்கம் அதிகம் என்றால் கோடியாக். ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சினே நான்கு சக்கரத்தையும் பிடித்து நிறுத்துகிற மாதிரி இறங்கும்; யமஹா அதில் பேர் வாங்கியது. சமதளம், சேறு, வழுக்கல் என்றால் ஸ்போர்ட்ஸ்மேன். பின்சக்கரம் சுழல ஆரம்பித்ததும் முன்சக்கரம் தானாக வேலைக்கு வந்துவிடும், நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. விலையைக் கடைசியில் பாருங்கள்.

கேள்வி: சிவப்பு வண்டி நல்லதா, பச்சை நல்லதா?

பதில்: முதல் மழை வரைக்கும்தான் இந்தக் கேள்வி.

கேள்வி: வெட்டிய மரத்தைக் காட்டுக்குள்ளிருந்து இழுத்து வர வண்டி வேண்டும். பெல்ட் வண்டி கூடாது என்கிறார் நண்பர். ஓட்டிப் பார்த்தால் பெல்ட் வண்டிதான் சுகமாக இருக்கிறது.

பதில்: சுகம் உண்மைதான். பெல்ட் வண்டி என்றால் எஞ்சினின் சக்தி ரப்பர் பெல்ட் வழியாகச் சக்கரத்துக்குப் போகிற வண்டி; ஹை, லோ என்று ஒன்றைப் போட்டுவிட்டால் ஓடும்போது கியர் மாற்றும் வேலையே இல்லை. அந்தச் சுகத்துக்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். என் முதல் ஏடிவியில் ஒரு அடிமரத்தைச் சங்கிலியால் கட்டி, ஹை கியரிலேயே நடைவேகத்தில் இழுத்தேன். இருபது நிமிடத்தில் ரப்பர் கருகுகிற வாடை. டயர்தான் எதிலோ உரசுகிறது என்று இறங்கிக் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடை சீட்டுக்குக் கீழே இருந்த பெல்ட் பெட்டியிலிருந்து வந்தது. மூடியைக் கழற்றினால் பெல்ட்டின் ஓரம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. பெல்ட் பளபளத்தால் அதற்கு ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். தப்பு வண்டியுடையது இல்லை, என்னுடையது. மெதுவாகப் போகும்போதும் சுமை இழுக்கும்போதும் லோ கியர் போட வேண்டும் என்று கையேட்டிலேயே இருந்தது. கையேடு பாலிதீன் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

உங்கள் வேலைக்கு உங்கள் நண்பர் சொல்வது சரி. ஹோண்டா ஏடிவிகளில் பெல்ட் கிடையாது. உள்ளே நிஜமான கியர்கள். ராஞ்சரில் காலால் மாற்றுவது, பட்டனால் மாற்றுவது, தானாக மாறுவது என்று வகைவகையாக வருகின்றன; ஃபோர்மேனில் காலால் மாற்றுவதும் பட்டனால் மாற்றுவதும். காலால் மாற்றும் வகையிலும் கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, பின் ஆக்சில், அதாவது பின்சக்கரங்களின் அச்சு. ஃபோர்மேன் 520இல் பின்னால் ஒரே முழு ஆக்சில். கட்டி இழுத்தாலும் பின்பக்கம் அவ்வளவாகக் குந்தாது. பக்கச் சரிவில் திடமாக நிற்கும். கழன்று போக உறுப்புகளும் குறைவு. பதிலுக்கு கல்லில் ஏறினால் முதுகுக்குத் தெரியும். நடுவில் தொங்கும் ஆக்சில் உயரமான வேரில் இடிக்கும். அதே எஞ்சினோடு பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்குகிற வண்டி வேண்டுமென்றால் அதற்கு ரூபிகான் 520 என்று பெயர். மரம் இழுக்க ஃபோர்மேன். நாள் முழுக்க சும்மா சுற்ற ரூபிகான்.

கேள்வி: பவர் ஸ்டியரிங் தேவையா, வீண் செலவா?

பதில்: தேவை. கல்லில் மோதும் முன்சக்கரம் ஹேண்டிலை வெட்டி இழுக்கும்போது கட்டை விரலைக் காப்பாற்றுவது அதுதான். மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: "அதிகம் ஓடாத வண்டி, ஒரே கை" என்று சொல்லி விற்றார். மூன்றாவது வாரம் ஆயிலைப் பார்த்தால் வெளுத்துப் பால் மாதிரி இருக்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை. நான் முட்டாளா?

பதில்: இல்லை. திட்டம் போட்டு ஏமாற்றுகிறவனிடம் ஏமாறுவது முட்டாள்தனம் ஆகாது. இந்த ஒரு கடிதத்தை மட்டும் நறுக்க மனசு வரவில்லை, இடம் இல்லாததால் நறுக்கினேன்.

முதலில் வண்டி. இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பால் நிறம் என்றால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அது வெளியிலிருந்து வந்ததா, உள்ளேயே கசிகிறதா என்பதுதான் கேள்வி. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரின் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் வாட்டர் பம்ப் சீலோ ஹெட் கேஸ்கட்டோ போயிருக்கலாம், மெக்கானிக்கிடம் போங்கள். குறையவே இல்லை, ஏர் பில்டர் பெட்டிக்குள் சேற்றுக் கோடு இருக்கிறது என்றால் வண்டியை ஆற்றில் முக்கியிருக்கிறார்கள். அப்படியானால் ஆயிலையும் பில்டரையும் மாற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி மாற்றி, ஆயில் தெளிவாக வரும்வரை இதையே செய்ய வேண்டும். முன் டிஃபரன்ஷியல், அதாவது முன்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி, அதன் ஆயிலையும் திறந்து பாருங்கள். தண்ணீர் அங்கேயும் போயிருக்கலாம். தண்ணீரோடு பல நாள் ஓடியிருந்தால் பேரிங் தேய்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதை மெக்கானிக் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்து, விற்றவர். விளம்பரத்தில் "அதிகம் ஓடாதது" என்று எழுதியிருந்தாரா? குறுஞ்செய்தியில் சொன்னாரா? எல்லாவற்றையும் இன்றைக்கே படமெடுத்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார். மெக்கானிக் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். போனை விட்டுவிட்டு, பதிவுத் தபாலில் கேளுங்கள். வாயால் மட்டும் சொன்னார் என்றால் கஷ்டம்தான், பொய் சொல்ல விரும்பவில்லை. அப்படியும் கேளுங்கள்.

நானும் இதே குழியில் விழுந்தவன். மங்கலான மாலை நேரம், பளபளவென்று கழுவிய வண்டி, டயருக்குக்கூட மினுமினுப்பு. போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "இப்பத்தான் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன்" என்றார். நான் சிரித்துக்கொண்டே பணம் எண்ணினேன். மறுநாள் காலை குளிரில் அது ஸ்டார்ட் ஆகவே இல்லை. அப்புறம் வெயிலில் நிதானமாகப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: ஹெட்லைட்டுக்கு உள்ளே, கண்ணாடியின் பாதி உயரத்தில், வண்டல் ஒரு கோடு போட்டிருந்தது. தண்ணீர் எதுவரை நின்றது என்று அந்தக் கோடு முன்தினமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

அதிலிருந்து பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் எஞ்சினில் கை வைப்பேன். சூடாக இருந்தால் "ஆறட்டும், அப்புறம் வருகிறேன்". அப்புறம் ஆயில் ஸ்டிக், ஏர் பில்டர் பெட்டி, சக்கரத்துக்குப் பின்னால் ஆக்சில் மூட்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொடலொடக்கிறதா. மீட்டர் நூறு மணி நேரம் என்று காட்டி, கால் வைக்கும் இடத்தின் பற்கள் மழுங்கியிருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம், பற்களை நம்புங்கள். பிரேமில் பொறித்த எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடைசி இலக்கம் வரை படித்துப் பாருங்கள். சேறு பூசிய வண்டியை எனக்கு இப்போது பிடிக்கிறது. மறைக்க ஆசைப்படாதவன் கழுவ மாட்டான்.

கேள்வி: நேற்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இனி என்னென்ன பார்க்க வேண்டும்? வண்டியில் இன்னும் உட்கார்ந்து பார்க்கவில்லை. என் மனைவியும் எட்டு வயது மகனும் பின்னால் உட்காரலாம்தானே?

பதில்: உட்கார்ந்துகூடப் பார்க்காத வண்டிக்கு அட்வான்ஸ். நேற்றைக்கு முன்தினம் எழுதியிருக்கக் கூடாதா?

உட்காரக் கூடாது. சாதாரண ஏடிவி ஒருவருக்கானது. சீட் நீளமாக இருப்பது மூன்று பேர் நெருக்கி உட்கார அல்ல. மேட்டில் நீங்கள் முன்னால் சாயவும் இறக்கத்தில் பின்னால் நகரவும்தான் அந்த நீளம். பின்னால் ஆள் இருந்தால் எங்கே நகர்வீர்கள்? ஏற்றத்தில் எடை பின்னுக்குப் போய் வண்டி மல்லாந்து உங்கள் மேலேயே விழும். பின்னால் இருக்கும் கேரியர் சாமான் வைக்க, பையனை வைக்க இல்லை. இரண்டு பேர் போக என்றே நீளமான சட்டத்தோடு ஸ்போர்ட்ஸ்மேன் டூரிங், அவுட்லேண்டர் மேக்ஸ் என்று வண்டிகள் இருக்கின்றன. மனைவிக்கு அது. மகனுக்கு அதுவும் கிடையாது. பெரியவர்களுக்கான ஏடிவியை 16 வயதுக்குக் கீழே யாரும் ஓட்டக் கூடாது என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள், அதையும் படியுங்கள். மூவரும் சேர்ந்து போகத்தான் ஆசை என்றால் உங்களுக்கு வேண்டியது பக்கத்துப் பக்கத்தில் சீட், சீட் பெல்ட், மேலே கூண்டு உள்ள வண்டி. அதிலும் பையனுக்குக் கால் தரையில் எட்டி, பெல்ட் சரியாகப் பிடிக்க வேண்டும். அட்வான்ஸ் திரும்ப வருமா என்று உடனே போய்க் கேளுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் பழைய மூன்று சக்கர ஏடிவியை ஏறக்குறைய சும்மா தருகிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 1970இல் ஹோண்டா கொண்டுவந்த முதல் ஏடிவியே மூன்று சக்கரம்தான். விபத்துகள் பெருகி, 1988இல் அமெரிக்காவில் அரசோடு செய்த உடன்பாட்டில் பெரிய கம்பெனிகளே புதிய மூன்று சக்கர வண்டி விற்பதை விட்டன. விற்றவர்களே வேண்டாம் என்றதை நீங்கள் ஏன் எடுக்கிறீர்கள்?

கேள்வி: டயரில் 30 பிஎஸ்ஐ காற்று அடித்துத் தந்தார்கள். வண்டி பந்து மாதிரி குதிக்கிறது.

பதில்: பந்து ஆக்கிவிட்டார்கள், குதிக்கத்தான் செய்யும். ஏடிவி டயருக்குப் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு பிஎஸ்ஐ போதும். சரியான எண் வண்டியில் ஒட்டியிருக்கும். கார் டயர் பார்க்கிற கேஜ் இதற்கு உதவாது. அதன் முள் இந்த அளவில் அசையவே சோம்பல்படும். நான் அப்படி ஒன்றை வாங்கி, காற்றே இல்லை என்று நினைத்து அடித்துக்கொண்டே போனேன். குறைந்த அழுத்தத்துக்கு என்றே தனி கேஜ் விற்கிறது.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் இப்போது ஓட்டுவது எந்த வண்டி?

பதில்: அந்த ஹெட்லைட் கோடு வண்டிதான். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தாகிவிட்டது, நன்றாகவே ஓடுகிறது. விற்றுவிடலாம் என்று இரண்டு முறை யோசித்தேன். வாங்க வருகிறவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் அவர் வாங்க மாட்டார். கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.