கம்ப்யூட்டர் கேள்வி பதில்: வரி முடிந்தால் என்டர் தட்டாதீர்கள்

கேள்வி: அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன் நான். ரிட்டயர் ஆனபின் மகள் லேப்டாப் வாங்கித் தந்தாள். குடியிருப்போர் சங்கக் கடிதங்களை வேர்டில் மளமளவென்று அடித்துவிடுகிறேன். ஆனால் நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், கீழே உள்ள வரிகள் துண்டு துண்டாக உடைந்து நிற்கின்றன. ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டுகிறீர்கள், அதுதான் சார் விஷயம். டைப்ரைட்டரில் மணி அடித்ததும் கை தானாக லீவருக்குப் போகுமே, அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. வேர்டில் வரியை மடக்குவதை அதுவே பார்த்துக்கொள்ளும். நீங்கள் தட்டும் ஒவ்வொரு என்டரையும் 'இங்கே பாரா முடிந்தது' என்று அது எடுத்துக்கொள்கிறது. அப்புறம் நடுவில் ஒரு சொல்லைச் செருகினால், கடைசிச் சொல் இடமில்லாமல் அடுத்த வரிக்குத் தள்ளப்படும், அங்கே நீங்கள் தட்டிய என்டர் உட்கார்ந்திருப்பதால் அந்த ஒற்றைச் சொல்லோடு வரி முடிந்துவிடும். ஹோம் பட்டையில் ஆங்கில 'பி'யைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு குறி இருக்கும், அதை க்ளிக் செய்து பாருங்கள், எங்கெல்லாம் என்டர் தட்டியிருக்கிறீர்கள் என்பது வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

பழைய கடிதங்களைத் திரும்ப அடிக்க வேண்டாம். ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்துங்கள், தேடி மாற்றும் பெட்டி வரும். எண் 6-க்கு மேலே இருக்கும் கூரைக் குறியையும் அதை ஒட்டி ஆங்கிலச் சின்ன 'பி'யையும் அடித்தால் அது என்டரைக் குறிக்கும். இரண்டு பாராக்களுக்கு நடுவே வெற்று வரி விட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் அந்த என்டர் குறியை ^p^p என்று இரண்டு முறை சேர்த்து அடித்துத் தேடச் சொல்லி, பதிலுக்கு ### போடச் சொல்லுங்கள். அடுத்து ஒற்றைக் குறியைத் தேடி அதற்குப் பதில் ஒரு ஸ்பேஸ். கடைசியாக ### எல்லாவற்றையும் மறுபடி என்டர் குறியாக மாற்றுங்கள். இந்த வரிசை மாறினால் கடிதம் முழுக்க ஒரே பாராவாகிவிடும்! தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகிறீர்களா? அதையும் விடுங்கள், கர்சரை அந்த வரியில் வைத்து கண்ட்ரோல்-ஈ அழுத்தினால் போதும்.

கேள்வி: ஒரு பாராவை கட் செய்தேன். பேஸ்ட் செய்வதற்குள் வேறொன்றை காப்பி செய்துவிட்டேன். முதல் பாரா எங்கே போனது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கட் செய்தது தற்காலிகமாக ஒரு இடத்தில் போய் நிற்கும், அதில் ஒன்றுக்குத்தான் இடம். அடுத்தது வந்ததும் முந்தையது போய்விடும். பதறாமல் கண்ட்ரோல்-இசட்டை அழுத்திக்கொண்டே வாருங்கள், கட் செய்த இடத்திலேயே பாரா திரும்பி வரும். ஃபைலை மூடும் முன் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். உங்களுடையது விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், விண்டோஸ் கீயோடு ஆங்கில 'வி'யை அழுத்தி, பலவற்றைச் சேர்த்து வைக்கும் வசதியை ஒருமுறை ஆன் செய்துவிடுங்கள். அதன்பின் காப்பி செய்தவை பட்டியலாக நிற்கும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இந்த கட், காப்பி, பேஸ்ட் முறையை 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிஃபோர்னியா ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். 2020-ல்தான் காலமானார்.

கேள்வி: தமிழில் அடிக்கும்போது பேக்ஸ்பேஸ் தட்டினால் பாதி எழுத்துதான் அழிகிறது. டெலிட் தட்டினால் முழு எழுத்தும் போய்விடுகிறது. கீபோர்டில் கோளாறா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: கீபோர்டில் ஒரு கோளாறும் இல்லை. கம்ப்யூட்டர் எழுத்துகளைப் பதிவு செய்யும் முறையான யூனிகோடில் 'கொ' என்பது க, அதன்மேல் ஒகரக் குறி என்று இரண்டாகத்தான் பதிவாகிறது. 'க்' என்றால் க, ஒரு புள்ளி. பேக்ஸ்பேஸ் கடைசியாகச் சேர்ந்ததை மட்டும் எடுக்கும், அதனால் 'கொ' வெறும் 'க' ஆகிறது. டெலிட், கர்சருக்கு வலப்பக்கம் இருக்கும் எழுத்தை மொத்தமாக எடுத்துவிடும். இது உங்களுக்கு லாபம்தான்: 'கொடி' என்பதற்கு 'கெடி' என்று அடித்துவிட்டால், 'கெ'க்கு வலப்பக்கம் கர்சரை வைத்து ஒரு பேக்ஸ்பேஸ், பிறகு ஒகரக் குறி. முழுச் சொல்லையும் அழிக்க வேண்டியதில்லை.

கேள்வி: மவுஸால் இழுத்து செலக்ட் செய்யும்போது கை நடுங்கி, பக்கம் முழுவதும் செலக்ட் ஆகிவிடுகிறது. வயது 71.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எடிட்டிங்கில் பாதி வேலை செலக்ட் செய்வதுதான், அதற்கு மவுஸை இழுக்கவே வேண்டாம் ஐயா. தொடக்கத்தில் ஒரு க்ளிக், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு முடிவில் ஒரு க்ளிக், இடையில் உள்ளது எல்லாம் செலக்ட் ஆகிவிடும். ஓரிரு எழுத்து கூடிப் போனால் ஷிஃப்டை விடாமல் அம்புக்குறி கீயைத் தட்டிச் சரிசெய்யலாம். சொல் சொல்லாகப் போக வேண்டுமானால் கண்ட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே சொல்தான் வேண்டுமா, அதன்மேல் டபுள் க்ளிக். தப்பாக செலக்ட் ஆனால் ஏதாவது அம்புக்குறியைத் தட்டுங்கள், விலகிவிடும். அந்த நேரத்தில் மட்டும் எந்த எழுத்தையும் தட்டிவிடாதீர்கள், செலக்ட் ஆன பக்கம் முழுவதும் அழிந்து அந்த ஒரு எழுத்துதான் மிஞ்சும். அப்படி ஆனாலும் கண்ட்ரோல்-இசட் இருக்கிறது.