ஜப்பான் ஓய்வூதியப் பணம்: முகவர் சொல்லும் ஐந்தாண்டுக் கெடுவை நம்பாதீர்கள்

பாயான் லெப்பாசில் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஜப்பானின் அய்ச்சி மாநிலத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 4 ஆண்டு 2 மாதம் பொறியாளராக இருந்துவிட்டுப் பினாங்கு திரும்பி 14 மாதம் ஆகிறது. சம்பளத்தில் பிடித்த ஓய்வூதியப் பணமும் வரியும் திரும்பக் கிடைக்குமா? கோலாலம்பூர் முகவர் ஒருவர், ஐந்தாண்டு அவகாசம் உள்ளது, மொத்தத்தில் 30 விழுக்காடு தந்தால் தாமே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?"

பணம் கிடைக்கும், ஐந்தாண்டு என்பதை மட்டும் நம்பாதீர்கள். இங்கே இரண்டு தனித்தனிப் பணங்களும் இரண்டு தனித்தனிக் கெடுக்களும் உள்ளன. ஓய்வூதியப் பணத்தை, ஜப்பானில் உங்கள் முகவரிப் பதிவு நீங்கியதிலிருந்து 2 ஆண்டுக்குள் கேட்டாக வேண்டும். அந்தப் பணத்தில் பிடிக்கப்படும் வரியைத் திரும்பக் கேட்பதற்குத்தான் 5 ஆண்டு. முன்னதைத் தவறவிட்டால் பின்னதற்குப் பேச்சே இல்லை. உங்களுக்கு மீதமிருப்பது ஏறத்தாழ பத்து மாதம். அஞ்சலும் திருத்தமும் அதில் பாதியைத் தின்றுவிடக்கூடும் என்பதால் இந்த மாதமே தொடங்குங்கள்.

கிடைக்கும் தொகையை நம் ஊர் ஊழியர் சேமநிதியை மனத்தில் வைத்துக் கணக்கிட வேண்டாம். சேமநிதியில் முதலாளி செலுத்துவதும் உங்கள் பெயரில்தான் சேர்கிறது. ஜப்பானின் ஊழியர் ஓய்வூதியமான கோசெய் நென்கினில் சந்தா 18.3 விழுக்காடு, அதில் பாதி உங்களுடையது, பாதி முதலாளியுடையது. நாடு திரும்பும் வெளிநாட்டவருக்குத் தரப்படும் ஒருமுறைத் தொகை ஏறத்தாழ உங்கள் பாதி மட்டுமே. அதுவும் 60 மாதத்துக்கு மேல் எவ்வளவு கட்டியிருந்தாலும் 60 மாதத்துக்கே கணக்கு. தொகை ஆறு ஆறு மாதப் படிகளாக ஏறும். உங்கள் 50 மாதம் 48 முதல் 53 வரையிலான படியில் விழுகிறது; அதற்குப் பெருக்கெண் 4.4. போனசும் சேர்த்து மாதச் சராசரி ஊதியம் 300,000 யென் என்று வைத்துக்கொண்டால் தொகை 1,320,000 யென். இன்னும் நான்கு மாதம் இருந்திருந்தால் பெருக்கெண் 4.9 ஆகியிருக்கும். இதைப் புறப்படும் முன் சொல்வதற்கு எந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கும் நேரம் இருப்பதில்லை.

இனி முகவர்கள் வாய் திறக்காத பகுதிக்கு வருவோம். அந்தத் தொகை உங்கள் கணக்குக்கு வருமுன் 20.42 விழுக்காடு வருமான வரியாகப் பிடிக்கப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது 269,544 யென். "அரசு பிடித்தது பிடித்ததுதான்" என்று முகவர் சொல்வார். உண்மையில், இத்தொகை பணிக்கொடையாகக் கருதப்படுவதால், பணியாற்றிய ஆண்டு ஒன்றுக்கு 400,000 யென் வீதம் கழிவு உண்டு. 4 ஆண்டு 2 மாதத்தை 5 ஆண்டாக மேல்நோக்கி முழுமைப்படுத்துவதால் கழிவு 2,000,000 யென். தொகை அதற்கும் கீழே இருப்பதால் வரியே இல்லை. பிடித்தது முழுவதும் திரும்ப வேண்டும். திரும்புவதைத் தமது கணக்கில் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளரிடம் மூச்சு விடாத முகவர்களை நான் அறிவேன். வாடிக்கையாளர் கையொப்பமிட்ட தாள்களுக்கு நடுவே, தம்மை அவருடைய வரிப் பிரதிநிதியாக நியமிக்கும் தாளையும் அவர்கள் செருகி வைத்திருப்பார்கள்.

அந்தப் பிரதிநிதியைத்தான் ஜப்பானியர் நோஸெய் கன்ரினின் என்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் நீங்கள் வரிக் கணக்கை நேரடியாகத் தாக்கல் செய்ய முடியாது. ஜப்பானில் வசிக்கும் ஒருவர் உங்களுக்காகத் தாக்கல் செய்து பணத்தைப் பெற வேண்டும். ஒரு கையால் பிடித்து மறு கையால் தருவதற்கு இடையில் மூன்றாவது கை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்தக் கை முகவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களோடு வேலை பார்த்த நம்பகமான நண்பர் போதும். படிவத்தை நீங்களே நிரப்பி, ஓய்வூதிய நிறுவனம் அனுப்பும் தொகை முடிவு அறிவிப்பின் மூலப்படியுடன் அவருக்கு அனுப்புங்கள். நீங்கள் கடைசியாகக் குடியிருந்த பகுதியின் வரி அலுவலகத்தில் அவர் சேர்ப்பார். கட்டணம் வாங்கிக்கொண்டு வரிக் கணக்கைத் தயாரித்துத் தர உரிமை பெற்ற வரிக் கணக்காளருக்கே அனுமதி உண்டு. உங்கள் முகவரிடம் அந்த உரிமச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

ஓய்வூதிய விண்ணப்பப் படிவம் ஜப்பானின் ஓய்வூதிய நிறுவனமான நிஹோன் நென்கின் கிகோவின் இணையத்தளத்தில் ஆங்கில விளக்கத்துடன் இலவசமாகக் கிடைக்கிறது. கடவுச்சீட்டு நகல், ஓய்வூதிய எண், உங்கள் சொந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் சான்று ஆகியவை வேண்டும். ஊர் நீங்கும் அறிவிப்பை நகராட்சியில் கொடுத்துவிட்டு வந்திருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் வெளியேறிய முத்திரையைக் காட்ட வேண்டும், தானியங்கி வாயில் வழியாக வந்தவருக்கு அந்த முத்திரை இராது. நம்மவர்களுக்கே உரிய சிக்கல் பெயர். கடவுச்சீட்டில் 'ஏ/எல்' (இன்னாரின் மகன்) என்பதோடு தகப்பனார் பெயரும் இருக்கும், வங்கியில் அது சுருங்கியிருக்கும், ஜப்பானியப் பதிவிலோ கட்டகானா எழுத்தில் வேறொரு உருவம் எடுத்திருக்கும். படிவத்தில் வங்கிக் கணக்கின் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி, கடவுச்சீட்டுப் பெயருடன் ஒத்துப்பார்த்து, வேறுபாடு இருந்தால் முதலில் வங்கியில் திருத்துங்கள்.

சுகாதாரக் காப்புறுதிச் சந்தாவும் குடியிருப்பு வரியும் திரும்பா. புறப்பட்ட ஆண்டின் சம்பள வரியை முதலாளி நேர்செய்யாமல் விட்டிருந்தால், அதையும் அதே வரிப் பிரதிநிதி வழியே கேட்கலாம்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இதை வாசிப்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்து கோலாலம்பூரில் பணிபுரியும் பலரும் இருப்பார்கள். ஜப்பானுக்கும் இந்தியாவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. ஜப்பானிய முதியோர் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு வேண்டும். இந்தியாவில் 7 ஆண்டு ஓய்வூதியச் சந்தா கட்டி, ஜப்பானில் 4 ஆண்டு கட்டியவர் இரண்டையும் கூட்டி அந்த வரம்பைத் தாண்டலாம், 65 வயதில் ஜப்பானியக் காலத்துக்கு உரிய ஓய்வூதியம் பெறலாம். ஒருமுறைத் தொகையை அவர் வாங்கிவிட்டால் அந்த 4 ஆண்டு பதிவிலிருந்து அழிந்துவிடும். ஆகவே நண்பர் வாங்கினார் என்பதற்காக அவர் வாங்கக் கூடாது. மலேசியாவுக்கும் ஜப்பானுக்கும் அத்தகைய ஒப்பந்தம் இல்லை. இங்கே உங்கள் ஊழியர் சேமநிதியில் எத்தனை ஆண்டு இருந்தாலும் ஜப்பானியக் கணக்கில் ஒரு நாளும் கூடாது. மறுபடி ஜப்பான் சென்று நீண்ட காலம் வேலை செய்யும் எண்ணம் உறுதியாக இருந்தாலொழிய, நீங்கள் தொகையைக் கேட்பதே சரி.

முகவரின் 30 விழுக்காடு இந்தக் கணக்கில் 396,000 யென், அதாவது அரசு பிடிக்கும் வரியை விட அதிகம். மூல ஆவணம் எதையும் அவரிடம் கொடுத்திருந்தால், முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள்.